வாசற்கதவில் ஒட்டிய சிலுவை

1956 ஆகஸ்ட் 14, செவ்வாய்.

பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பா நலமாகத் திரும்ப வேண்டுமென்று ஒரு செபக்கவிதை எழுதினேன். சித்திரக்கவி பழகுவதால் சொற்களைச் சிலுவை வடிவில் அடுக்கினேன். நெடுவரியும் குறுக்குவரியும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொருந்தும் ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கப் பல நாளாயிற்று. இன்று காலை கறுப்பு மையில் எழுதி வாசற்கதவில் ஒட்டினேன்.

இங்கே கறுப்புச் சிலுவை மரண அறிவித்தலில்தான் இருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து வீட்டு ஞானம்மாக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கதவைப் பார்த்ததும், "ஐயோ அண்ணே, போயிட்டீங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயமே கூடிவிட்டது.

"அவரு நேத்துக்கூட கஞ்சி குடிச்சாருடி, எந்திரி!" என்று அம்மா கத்தினார். பிறகு என்னிடம், "படிச்ச புள்ளைக்கு வேற படமே கெடைக்கலியா?" என்றார். கூட்டம் கலைந்ததும் அவரும் அழுதார்.

கிழித்துவிட்டேன். அதே சொற்களை இப்போது பதுளையிலிருந்து வரும் மலைப்பாதையாக வளைத்து வளைத்து எழுதுகிறேன். கை வலிக்கிறது. எங்கள் லயத்துக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது. சொற்கள் தீர்ந்துவிட்டன.