இடது கிடார்

18 அக்டோபர் 2009, ஞாயிறு

ஏழு பாட்டு முடிந்தது, இன்னும் மூன்று. இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆளுக்குப் பத்து சிங்கிள் தேர்ந்தெடுப்பது, ஒருவர் பாட்டை மற்றவர் வாய் திறக்காமல் முழுதும் கேட்பது, அதன்பிறகு சண்டை. நண்பன் பிரதாப்பும் நானும் கோடையில் ஆரம்பித்தது. அவன் வால்டோர்ஃப் என்ற ஊரில் மென்பொருள் எழுதுகிறான். ஞாயிறானால் ரயிலேறி ஸ்டுட்கார்ட் வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்துவிடுவான். ஆல்பத்துக்குள் ஒளிந்திருக்கும் நல்ல பாட்டுகள் கணக்கில் இல்லை. தனியாக வெளிவந்து, தனியாகப் பிழைத்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று ஜெர்மனியில் சத்தம் கூடாது. ஸ்பீக்கர் வைத்த முதல் வாரமே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டிவிட்டார். அதனால் ஒரு மடிக்கணினி, இரண்டு ஹெட்போன். என்னுடன் இந்த வீட்டில் இருக்கும் நிவேதிதா தாளித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பைத்தியம் சத்தமே இல்லாம தலையாட்டுது. வீடியோ எடுத்து உங்க வீட்டுக்கு அனுப்பட்டா?"

இன்று அவன் போட்டது ஒரு ஸ்வீடன் பெண்ணின் பாட்டு. சூப்பர்மார்க்கெட்டில் தயிர் எடுக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் ஓடுமே, அது. நான் அதற்கு வைத்த பெயர் சூயிங்கம்.

"இது பாட்டில்ல, பேக்கிங்" என்றேன்.

"தாயே, நீ கேக்கறது மட்டும் என்னவாம்? நாலு பேரு தாடி வெச்சுக்கிட்டு அழறான்."

என் முதலிடம் எதற்கு என்று அவனுக்கே தெரியும். மழைக்கோட்டு. இசைத்தட்டின் உறையில் மஞ்சள் மழைக்கோட்டு தொங்கும், அதனால் அந்தப் பெயர். இடது காதில் ஒரு கிடார், வலது காதில் ஒன்று. இரண்டும் கடைசிவரை சண்டை. நடுவில் பாடுகிறவன், சமாதானம் பேசப் போய் மாட்டிக்கொண்டவனைப் போல. கோவை விடுதியில் முதன்முதலாகக் கேட்ட அன்று சாப்பிடப் போகவில்லை. கடைசி வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

21 அக்டோபர், புதன்

எழுந்ததிலிருந்து இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. குளித்த தண்ணீராக இருக்கும்.

22 அக்டோபர், வியாழன்

தண்ணீர் இல்லை.

காது டாக்டர் ஒரு இசைக்கவையை ரீங்கரிக்கத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். எங்கே கேட்கிறது? வலப்பக்கம் மட்டும். பிறகு கண்ணாடிக் கூண்டில் உட்கார்த்தி, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது நான் அழுத்தாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் சோதனை எடுக்கும் பெண் தன் கையை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அவள் சத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

திடீர்ச் செவித்திறன் இழப்பு. காரணம் பெரும்பாலும் தெரியாது. மன அழுத்தம் உண்டா என்று கேட்டார். ஆய்வேடு எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். நாளையிலிருந்து தினமும் டிரிப்ஸ், கார்ட்டிசோன். திரும்புமா? "பலருக்குத் திரும்பும்."

பலருக்கு.

25 அக்டோபர், ஞாயிறு

நிவேதிதாவிடம் ஜலதோஷம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பிரதாப்பிடம் அதுவும் சொல்லவில்லை. டிரிப்ஸ் போட்ட கையில் பிளாஸ்டர் இருப்பதால் முழுக்கைச் சட்டை.

என் முறை. எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்த பாட்டு. இடப்பக்கம் வர வேண்டிய ஆர்கன் வரவில்லை. அதன் இடத்தில் காதுக்குள்ளேயே ஒரு விசில், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடிந்தபின் வருமே, அந்த மாதிரி. ஆர்கன் வரும் இடங்களில் பழக்கத்தில் தலையாட்டினேன். அதுதான் அசிங்கமாக இருந்தது. அவன் பாட்டுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"என்ன, சண்டையே போடல? நல்லாருக்குன்னு நீ சொன்னா எனக்கு பயமா இருக்கு."

ஏன் சொல்லவில்லை? அவன் இரக்கப்படுவான். இரக்கப்பட்டு சூயிங்கத்தைக்கூட விட்டுக்கொடுப்பான். அதைத் தாங்கமாட்டேன்.

28 அக்டோபர், புதன்

மருந்து உட்காரவிடுவதில்லை. மசாலா டப்பாக்களைக் கழுவினேன், துடைத்தேன், திரும்பவும் கழுவினேன். நாவலில் ஒரே பக்கத்தை மூன்று நாளாக வாசிக்கிறேன். மலைச்சரிவுப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏதோ கத்திவிட்டுப் போனார். மணி அடித்திருப்பார்.

மதியம் மழைக்கோட்டு போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஒரு கிடார் மட்டும், பதில் இல்லாமல் தனியே கத்துகிறது. யாரும் இல்லாத வீட்டில் சண்டை போடுகிறவன் மாதிரி. ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு மறுபடி போட்டேன். இப்போது மற்ற கிடார் வந்தது, முதல் கிடார் போய்விட்டது. திருப்பினேன். திரும்பத் திருப்பினேன். ஒரு பாட்டை இரண்டு தடவையாகக் கேட்டு மண்டைக்குள் ஒட்டவைப்பதா? ஒட்டவில்லை.

1 நவம்பர், ஞாயிறு

பிரதாப்பை வர வேண்டாமென்றேன். ஆய்வேடு என்று பொய்.

அம்மா பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டாள். பழக்கத்தில் இடது காதில் வைத்துவிட்டு மாற்றினேன். அங்கே ஹாலில் டிவி, குக்கர், அப்பா — எல்லாம் ஒரே குவியல்.

"ஏங் கண்ணு, ஒவ்வொண்ணுக்கும் என்னங்கம்மா என்னங்கம்மாங்கற?"

"லைன் சரியில்லம்மா."

சொன்னால் முதல் வார்த்தையே "கெளம்பி வா" என்றுதான் வரும்.

5 நவம்பர், வியாழன்

டிரிப்ஸ் முடிந்தது. மறுபடி கண்ணாடிக் கூண்டு. வரைபடத்தில் இடது காதின் கோடு கொஞ்சம்கூட ஏறவில்லை. "காத்திருப்போம்" என்றார் டாக்டர். காத்திருப்பதற்கு மருந்து எழுதித் தரவில்லை.

திரும்பும் வழியில் சூப்பர்மார்க்கெட். தயிர் அலமாரிக்கு முன்னால் நிற்கிறேன், மேலே சூயிங்கம். முழுசாகக் கேட்டது! குரல், டிரம், பேஸ், இடையில் வரும் கைத்தட்டல், ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் போட்டேன். இப்படியும் திருப்பியும் போட்டேன். அப்போதும் முழுசு. அந்தப் பாட்டில் முக்கியமானது எல்லாமே நடுவில், இரண்டு காதுக்கும் ஒன்றாக இருக்கிறது. கூரை ஸ்பீக்கரிலும், மட்டமான கைபேசியிலும், சலூன் ரேடியோவிலும் பிழைக்கவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் பேக்கிங் என்றேன். உடையக்கூடாத பொருளுக்குத்தானே பேக்கிங்.

என் பத்தில் எட்டு உடைந்துவிட்டது. அவன் பத்தில் ஒன்றுகூட உடையாது. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

15 நவம்பர், ஞாயிறு

இன்று மழைக்கோட்டின் முறை. வேறு பாட்டு போட்டிருக்கலாம். போடவில்லை.

இரண்டாம் சரணம் வந்தபோது தாங்கமுடியாமல் ஹெட்போனைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. விதிப்படி அவன் பேசக்கூடாது. பார்த்துக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்தது.

"எதுக்கு அதைத் தோசை மாதிரி திருப்பித் திருப்பிப் போடற?"

சொல்லிவிட்டேன். அழாமல், செய்தி வாசிக்கிற மாதிரி. நிவேதிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து "ஜலதோஷம்னு சொன்னியேடி, பாவி" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அவள்தான் அழுதாள்.

பிரதாப் தன் ஹெட்போனின் இடப்பக்கத்தைக் காதிலிருந்து தள்ளி, அந்தக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாட்டை முதலிலிருந்து போட்டான். முழுதும் கேட்டான்.

"இப்படிக் கேட்டா இது முதல் பத்துலயே வராது."

"வெளிய போ."

"உண்மையைச் சொல்றேன். பாதிப் பாட்டு இது."

"பாதி உனக்கு! அந்த வலது கிடார் மூணாவது சரணத்துல இறங்கற இடம் கேட்டியா? அது ஒண்ணு போதும், உன் சூயிங்கம் மொத்தத்துக்கும்."

"அப்போ பாதியே போதும்ங்கற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

கத்தியிருக்கிறேன் போல. கீழேயிருந்து துடைப்பக் கட்டை. நிவேதிதா அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். நான் ஒரு மாதமாக இப்படிச் சண்டை போடவில்லை.

அவன் போனபிறகு பட்டியலில் சூயிங்கத்தை நானே என் பக்கத்தில் எழுதினேன். அவனிடம் சொல்லப்போவதில்லை.

6 டிசம்பர், ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். வரச் சொல்லப்போகிறாள் என்று நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் காது?"

"இடது."

"செரி. டிவிய அமத்தச் சொல்றேன் இரு." பிறகு: "படிப்ப முடிச்சுப்போட்டுத்தான வருவ?"

"ஆமாங்கம்மா."

22 டிசம்பர், செவ்வாய்

கடைசிச் சோதனை. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். விசிலும் இருக்கும், பழகிவிடும் என்றார். வெளியே பனி. தெருவின் வலப்பக்கம் மட்டும் சத்தத்தோடு நடந்துகொண்டிருந்தது.

9 ஜனவரி 2010, சனி

மின்சாதனக் கடைக்குப் போனேன். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து தரும் சின்ன இணைப்பான் ஒன்று இருக்கிறதாம். கல்லாவில் உதட்டு வளையம் போட்ட பையன். "ஸ்டீரியோவை எதற்கு மோனோ ஆக்கவேண்டும்? எல்லோரும் இதற்கு நேரெதிராக அல்லவா கேட்பார்கள்" என்றான்.

"எனக்கு இடது காது கேட்காது."

ஜெர்மனில் அது மிகச் சின்ன வாக்கியம். இதுவரை சொன்னதில்லை.

"ஓ. மூன்றாவது வரிசை, கீழ்த்தட்டு. தங்கப்பூச்சு போட்டது வாங்காதீர்கள், வீண்."

எடுத்து வந்தேன், காசு கொடுத்தேன், கிளம்பினேன். அவன் என் இடப்பக்கத்திலிருந்து என்னவோ சொன்னது போலிருந்தது. சிரித்துத் தலையாட்டத் தயாராகிவிட்டேன். ஆட்டவில்லை. திரும்பி, வலது காதைக் காட்டி, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றேன்.

பை வேண்டுமா என்று கேட்டிருக்கிறான்.