கஞ்சி கொட்டிய இடம்

திருக்கோகர்ணம்
9-2-1957

அன்புள்ள அத்தானுக்கு,

பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய குழந்தைச் சட்டை வந்து சேர்ந்தது. நல்ல துணி.

ஏழாம் மாதமென்று ஊரே கூடி எனக்கு வளையல் போட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்ததோ கட்டி. இதுவரை எழுதக் கை வரவில்லை. தொங்கிய தோலையும் வெட்டித் தைத்துவிட்டார்கள்.

தொப்புளுக்குக் கீழே இப்போது உணர்ச்சி இல்லை. நேற்று சோறு வடிக்கையில் கொதிகஞ்சி வயிற்றில் கொட்டிவிட்டது. "ஏத்தா, சேலையில ஆவி பறக்குதே, ஒனக்குச் சுடலையா?" என்று உங்கள் அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். கொப்புளித்திருந்தது.

உதைக்கிறது என்று முன்பு எழுதினேனே, அது பொய்யில்லை அத்தான். உதைத்தது.

சித்திரையில் வருகிறீர்கள். வயிற்றில் கை வைத்தால், வைத்திருக்கிறேன் என்று வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் வளையலைக் கழற்றாத
உங்கள் மனைவி