பயத்துக்கும் ஒரு தொட்டி

கண்ணை மூடினா காக்கிச் சட்டையோட வந்து நிக்கிற என் வூட்டுக்காரருக்கு,

அன்னிக்கு யார் யார் இருந்தாங்கன்னு மொதல்ல சொல்லிடறேன். பொம்மைப் பட்டறை சேகர், பீங்கான் கப்பு போடுற ரோஸ்மேரி, மின்சார ஆபீஸ் இன்ஜினியர், நம்ம மவன் செல்வராசு, அவன் பொண்ணு தமிழரசி. கடைசி நாற்காலியில நான். நீங்க வேலை பாத்த செராமிக் தொழிற்பேட்டை ஆபீஸ்ல, பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டுக் கூட்டம்.

நீங்க போறப்ப தவழ்ந்துக்கிட்டிருந்த தமிழரசி இப்ப இன்ஜினியரிங்ல மேல்படிப்பு படிக்கிறா. பேட்டைக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் போட்டா பின்னாடி என்ன ஆவும்னு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறதுதான் அவ வேலை. சிஸ்டம் டைனமிக்ஸ்னு பேராம். தொட்டி தொட்டியா வரைஞ்சு நடுவுல குழாய் விட்டிருக்கா. ஒண்ணுல எறங்கினது சுத்தி வந்து மறுபடி மொதத் தொட்டியையே ரொப்புது.

அதுக்கு டிரான்ஸ்பார்மர் எப்பெப்ப எரிஞ்சதுன்னு பழைய கணக்கு வேணும். பேட்டை நோட்டெல்லாம் கரையான் தின்னாச்சு. என்கிட்ட வந்தா. மூணாங்கிளாஸ் படிச்சவதான் நான், ஆனா எதை மறந்திருக்கேன்? ரோஸ்மேரி மாமியாருக்கு அம்மை வார்த்தப்ப ஒண்ணு, வெள்ளாத்துல தண்ணி வந்து பெண்ணாடம் பஸ்ஸு நின்ன வாரம் ஒண்ணுன்னு வரிசையாச் சொன்னேன். கம்ப்யூட்டர் போட்ட கோடும் என் வாயும் ஒத்துப்போச்சு.

உங்க காலத்துல எரிஞ்ச அந்தக் கடைசித் தடவையையும் சொன்னேன். கரண்ட்டு திரும்பி வந்த வேகத்துல டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு, மெயின் சுவிட்ச்சைப் பாத்துக்காம டீ குடிக்கப் போயிட்டார்னு உங்களை வேலையை விட்டு அனுப்பினாங்களே, அது. அந்தப் பேரோடதானே போய்ச் சேந்தீங்க?

கூட்டத்துல சேகர் சிரிச்சான். "நாங்க டிரான்ஸ்பார்மர் கேட்டா, பாப்பா கோலம் போட்டுக் காட்டுது."

"கோலந்தாண்ணே. கரண்ட்டு போனதும் நீங்க மோட்டாரை அணைப்பீங்களா?"

"அணைச்சுட்டு? வந்ததும் மண்ணு அரைக்க வேணாமா? ஸ்டார்ட்டர் பட்டன் வெளிய வராம குச்சி சொருகி வச்சா, கரண்ட்டு வந்ததும் தானா ஓடும். எல்லாரும் சொருவுறாங்க, நான் மட்டும் இளிச்சவாயனா?"

"அந்த 'நான் மட்டுமா'தான் இந்தத் தொட்டி"ன்னு விரலை வச்சா. பயம்னு எழுதியிருந்துது. மின்சாரக் கணக்குல பயத்துக்கும் ஒரு தொட்டி போட்டிருக்காங்க உங்க பேத்தி! கரண்ட்டு போனாப் பயம் ஏறுது. பயம் ஏறினாக் குச்சி ஏறுது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல இழுத்தா எரியுது. எரிஞ்சா இன்னும் பயம். பெரிசாப் போட்டாலும் அதை நம்பி ஆளுக்கொரு மோட்டார் சேப்பாங்க, கொஞ்ச நாள்ல அதுவும் எரியும். மொதல்ல குச்சியை எடுத்துட்டு முறை வச்சு ஒவ்வொரு பட்டறையாப் போடணும், அப்புறம் டிரான்ஸ்பார்மர். இதான் அவ சொன்னது.

ரோஸ்மேரி எழுந்திரிச்சா. "அப்ப அந்தக் காலத்துல மெயின் சுவிட்ச்சுல யார் நின்னாலும் எரிஞ்சிருக்குமா?"

"யார் நின்னாலும், எப்பப் போட்டாலும், அக்கா."

உங்க பேச்சு வந்ததும் செல்வராசு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் குனியலைங்க. இன்ஜினியர் மறுபடி ஒருக்கா ஓட்டச் சொல்லிப் பாத்துட்டு, "முறையை ஆரம்பிங்க, அதை வச்சு டிரான்ஸ்பார்மருக்கு நான் மேலிடத்துக்கு எழுதறேன்"னார். இப்ப முறைச் சீட்டு எழுதி ஒட்டறதே சேகர்தான். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட எரியலை.

அன்னிக்கு வூட்டுக்கு வர்ற வழியில தமிழரசி சொன்னா: "ஆயா, இதுல யார் மேலயும் தப்பில்ல. அமைப்புலதான் தப்பு. கோவத்தை விடு."

விட்டேங்க. குச்சி சொருவினவங்க, வேலையை விட்டு அனுப்பின மொதலாளி, உங்களைப் பாத்து மூஞ்சியைத் திருப்பின தெருக்காரங்க, அத்தனை பேரையும் விட்டேன். அவங்க பயந்தாங்க. ஆனா உங்க பக்கத்துலயே நின்ன வாட்ச்மேன் ஒருத்தன் இருந்தான். "ஒண்ணொண்ணாப் போடுங்கய்யா"ன்னு நீங்க கத்தினதைக் காதால கேட்டான். கேட்டுட்டு, "அவர் அங்க இல்ல"ன்னு மொதலாளிகிட்ட சொன்னான். அந்தப் பொய்யை எந்தத் தொட்டியில ஊத்தறதுன்னு தமிழரசியைக் கேட்டேன்.

அவன் இன்னும் உசிரோடதான் இருக்கான். பேட்டை கேட்டுல நின்னு, நாலு பேர் கேக்க, "அவர் அங்கதான் இருந்தாரு"ன்னு அவன் சொல்ற வரைக்கும் நான் சாவ மாட்டேன். இது உங்களுக்கு நான் குடுக்கற வாக்கு.

இப்படிக்கு,
ஊரையே மன்னிச்சும் வாட்ச்மேன் கலியமூர்த்தியை மன்னிக்காத
உங்க பொஞ்சாதி அஞ்சலை