துடைத்த இலை

மார்ச் 4
தாவரவியல் ஆய்விதழில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! மலைச்சரிவில் பூப்பதும் நெடுஞ்சாலை ஓரத்தில் பூப்பதும் ஒரே செடி இல்லை, இரண்டு இனம். மலைச்செடியின் இலையில் பூனைமயிர். சாலைச்செடியின் இலை மழமழவென்று இருக்கும். புது இனத்துக்கு நான் வைத்த பெயர் அச்சேறிவிட்டால் பதவி உயர்வு நிச்சயம். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, வேற வேலையப் பாருங்க" என்று மூன்று வருஷமாகச் சொன்ன துறைத்தலைவர் இன்று எல்லோர் முன்னாலும், "இது நம்ம கண்டுபிடிப்பு" என்றார். நம்ம!

மார்ச் 5
நன்றிப் பகுதியில் என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பறித்து வந்த சாலைச்செடிகள் இருபத்திரண்டையும் அவர்தான் செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்தினார். பதினோரு வருஷத்தில் என் வேலைக்கு அவர் செய்த ஒரே உதவி. என் கட்டுரை முழுக்க நிற்பது அந்த உலர்ந்த செடிகளின் மேல்தான்.

மார்ச் 11
புகைப்படம் கேட்டிருந்தார்கள். கேமராவோடு சாலைக்குப் போனேன். நன்றாகப் பூத்திருந்தது. புழுதியை ஊதிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

மயிர்.

அடுத்த செடியிலும். ஒன்பது செடி பார்த்தேன். எல்லாவற்றிலும்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன், "அன்னிக்கு அந்தச் செடிய எல்லாம் எப்படி வச்சீங்க?"

"ஒரே புழுதி. ஈரத்துணியால ஒவ்வொரு இலையா அழுத்தித் தேச்சுத் துடைச்சேன். ரெண்டு பக்கமும்."

முகத்தில் என்ன ஒரு பெருமை! பாத்திரத்தை ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று பதினோரு வருஷம் கரித்துக்கொட்டியவள் நான். மனுஷன் திருந்தியிருக்கிறார், என் செடியில்.

மார்ச் 12
யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 13
எனக்குத் தெரியுமே. சே.

மார்ச் 14
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் அனுப்பினேன். துறைத்தலைவரிடமும் சொன்னேன். "உங்க கட்டுரை, உங்க முடிவு" என்றார். 'நம்ம' பத்து நாள்தான் தாங்கியது. கழிவறையில் போய் அழுதேன். பதவி உயர்வுக்காக இல்லை என்று எழுத ஆசை. அதற்காகத்தான்.

மார்ச் 29
உலர்ந்த சாலைச்செடிகள் ஒட்டிய இருபத்திரண்டு தாள்களையும் மலைச்செடிகளின் அலமாரிக்கே மாற்றினேன். நாளைக்கு எவளாவது வந்து என்னைப்போல் ஏமாறக்கூடாதே. ஒவ்வொரு சீட்டிலும் 'இலை மழமழப்பானது' என்பதை அடித்துவிட்டு, அழியாத மையில் அவர் முழுப்பெயரையும் போட்டு எழுதினேன்: 'இலையில் மயிர் உண்டு. என் கணவர் துடைத்துவிட்டார்.'

சாப்பிடும்போது கேட்டார், "ஏதோ நன்றியில என் பேரப் போடறேன்னியே, போட்டாச்சா?"

"இருபத்திரண்டு இடத்துல போட்டாச்சுங்க" என்றேன்.