சாட்சி அமர்ந்திருந்த இருக்கை

வெண்கோட்டு நாடாளும் கோமான் பெருந்திண்ணனார் திருவாணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் மாறன் அடிகன் ஆரல்துறை அறமன்றத்து ஐவருக்கு விடுக்கும் ஓலை. உங்கள் துறையில் அலை அடங்குக. கலங்கள் கரை சேர்க. உங்கள் தராசுகள் பொய் சொல்லாதிருக்க.

மரக்கலம் கட்டும் காரிநங்கைக்கும் வணிகர் அரிசாத்தனுக்கும் நடந்த வழக்கில் உங்கள் நடுவர் நன்னாகனார் எழுதிய தீர்ப்பைப் படித்தோம். எழுத்தில் பிழை காண இயலவில்லை. வாடைக்காற்று எழுமுன் கலம் நீரில் இறங்க வேண்டும், தவறினால் பட்டறை வணிகரைச் சேரும் என்பது இருவரும் ஒப்பிய ஒப்பந்தம். கலம் இறங்கவில்லை. பட்டறை கைமாறியது.

காரிநங்கை மன்றில் கூறியது, எழுத்தன் பதிந்தபடியே வருகிறது: "அடிமரத்துக்கு வச்சிருந்த தேக்க அரமனைக்குன்னு எடுத்துட்டாங்க ஐயா. அது இல்லாம எதுமேல கலத்தக் கட்டுறது?"

அரிசாத்தன் கூறியது: "வேல முடிக்காதவங்களுக்கெல்லாம் ராசாதான் சாக்கு. எடுத்த ஓலையக் காட்டு தாயி, நான் போயிடுறேன்."

அரசு ஒருவர் பொருளைக் கொண்டால் அவருடைய ஒப்பந்தத் தவணை நின்றுவிடும் என்பது இந்நாட்டுச் சட்டம். கொண்டதற்கு ஓலை வேண்டும். இல்லையேல் பொருள் இழந்தவரிடம் கூலி பெறாத ஒருவர் சாட்சி வேண்டும். மரத்தை ஆற்றில் தள்ளி மிதக்கவிட்டவர்களோ அவளுடைய தச்சர்கள். வேறு சாட்சி உண்டா என்று நடுவர் வினவினார்.

"இருக்கு. கூப்பிட்டா எறங்கி வருவாரான்னுதான் தெரியல" என்றாள்.

சாமியைச் சொல்கிறாள் என்று சிலர் நகைத்தனர். நடுவர் நகைக்கவில்லை. அம்மரத்தை எடுத்தவர் அவரே. துறைமுகப் பொறுப்பும் தம்மிடம் இருந்த நாளில், அரண்மனைக் கிழக்கு வாயிலுக்கு நெடுமரம் கேட்டு நாம் விடுத்த அவசர ஆணைக்கு அஞ்சி, பட்டறைக்கு நேரில் சென்று, ஓலை பின்னால் வரும் என்று சொல்லி எடுத்தார். ஓலை வரவேயில்லை. ஓலையின்றிக் குடிகளின் பொருளைத் தொட்டவன் பதவி இழப்பான் என்பதும் இந்நாட்டுச் சட்டமே.

அவள் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவராகவே இறங்கி வர இடம் விட்டு நின்றாள். அவர் எழுத்தாணியை எடுத்துத் தீர்ப்பெழுதினார்.

அதன்பின் ஆற்றங்கரைச் சாலையை விட்டுச் சுற்றுவழியில் மன்றுக்குப் போனார். உளிச்சத்தம் கேட்டால் சோறு இறங்கவில்லை. உடல்நலம் இல்லை, மலைநாட்டுக்கு மாற்றல் வேண்டும் என்று தலைநகர் வந்தார். மருத்துவர் நாடி பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றார். கிழக்கு வாயிலைத் தவிர்த்து, சமையற்காரர் புகும் புறவாயில் வழியே அவர் வந்ததைக் கண்டு, காரணம் கேட்டோம். தரையைப் பார்த்தபடி எல்லாம் சொன்னார்.

கோமானும் கேட்டார். எவருடைய மரம் என்று அன்று நாமும் வினவவில்லை. வந்த மரத்தை உத்தரமாக ஏற்றி, அதன்கீழ் நாள்தோறும் நடந்தோம். அது எம் குற்றம். இங்கு எழுதுவதால் தீர்ந்ததாகக் கொள்ளோம்.

ஆகவே ஆணை. தீர்ப்பு நிறுத்தப்படுகிறது. வழக்கை ஐவரும் புதிதாகக் கேட்பீராக. அதுவரை பட்டறையை அரிசாத்தன் தொடற்க. அவருக்கு நேர்ந்த இழப்பு அரசைச் சேரும். அரசன் முகம் பார்த்தும் தீர்ப்புச் சொல்லற்க.

இவ்வோலை கொண்டு வருபவர் நன்னாகனார். மலைநாடு கிடைத்ததா என்று மட்டும் எம்மிடம் கேட்டார். விடை ஓலையில் உள்ளது என்றோம். மேலுறையில் பணித்தபடி, முத்திரையை அவரே உடைத்து, நடுவர் இருக்கைக்குக் கீழே நின்று, இதை அவையோர் கேட்க அவரே படித்துக்கொண்டிருப்பார்.

கோமான் கண்முன் எழுதி, மீன்கொத்தி முத்திரை இட்டு விடுத்தோம். படித்தவர் நின்ற இடத்திலேயே நிற்க. காரிநங்கை தன் சாட்சியை அழைக்க.