ராத்திரி மாத்திரை

18-1-82

பொங்கலுக்கு வந்த கூட்டம் கிளம்பியாச்சு. மெடிக்கல் ஷாப் ஆதிமூலம் கொடுத்த டைரியை யாரும் எடுத்துக்கல. நானே எடுத்துக்கிட்டேன். அஞ்சாம் கிளாஸ் படிச்சவ டைரி எழுதக் கூடாதுன்னு சட்டமா என்ன?

நல்ல சேதியிலயே ஆரம்பிக்கிறேன். பெரிய பேரன் ஜம்புகுமார் பம்பாயில இன்ஜினியர். குவார்ட்டர்ஸ்ல குழாயைத் திருகினா சுடுதண்ணி வருதாம். சின்னவன் ஜீவகுமார் பாங்குப் பரீட்சை பாஸ். இந்தத் தெருவில தேறினது அவன் ஒருத்தன்தான். பேத்தி சந்தனா வேலூர் காலேஜில கணக்குல முதல், பேச்சுப் போட்டியில கப்பு வேற. ஜம்புவோட பொண்ணு சுனந்தாவுக்கு ஒன்பது மாசம். அதுக்குள்ள நாலு பல்லு. என் பிள்ளை அப்பாண்டைராஜ் தாலுகா ஆபீசில இருக்கான். அவனைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

பங்குனிக் கடைசியில ஜம்பு குழந்தையோட வரான். போளூர் பக்கத்துத் திருமலைக்கு அவளை என் இடுப்புல தூக்கிட்டுப் போய் நேமிநாதரைக் காட்டுவேன்னு சொல்லிட்டேன். பேரப்பிள்ளைங்க மூணு பேரையும் அப்படித்தான் ஏத்தினேன். மருமகள் ஜினமதி சிரிக்கிறா. “அத்தை, உங்க முட்டிக்கு நம்ம வாசப்படியே மலையாச்சே.”

இருக்கட்டும். பங்குனி வரட்டும்.

24-1-82

டாக்டர் ராமகிருஷ்ணன்கிட்ட போனேன். முட்டியில தேய்மானமாம். வலிக்கும் வீக்கத்துக்கும் மஞ்சள் மாத்திரை. “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம். வயிறு எரிஞ்சா நிறுத்திட்டு வாங்க.” வேற ஏதாவது மாத்திரை போடறீங்களான்னு கேட்டார். இல்லன்னேன். நிஜந்தான்.

எங்களுக்கு ஏது ராத்திரிச் சாப்பாடு? ஜைன நயினார் வீட்டில பொழுது எங்க ஊர் மலைக்குப் பின்னால இறங்கறதுக்குள்ள சாப்பிட்டு வாய் கொப்பளிச்சாச்சு. பன்னெண்டு வயசில எடுத்த விரதம் இது. பொழுதோடயே போட்டா விடியறதுக்குள்ள வேகம் போயிடுமே? அதனால படுக்கப் போறப்ப ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கறேன். மருந்துக்குத் தண்ணி குத்தமில்ல. அவர் சொன்னதுல எனக்குப் பொருந்தற வார்த்தை ‘ராத்திரி’ ஒண்ணுதான்.

30-1-82

காய்கறிக் கடைக்கு நானே நடந்து போய் வந்தேன். ஜினமதி வாயைத் திறக்கல!

9-2-82

நெஞ்சுக்குழியில எரிச்சல். ஊறுகாயா இருக்கும்.

ஜினமதி விடல. “மாத்திரைக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாலாவது குடிங்க அத்தை.” இருட்டினப்புறம் பாலா? அவளும் பொழுதோட சாப்பிடறவதானே, அவளுக்குத் தெரியாதா? கேட்டேன். “நான் மாத்திரை போடலையே” ன்னா. பதில் வச்சிருக்கா எல்லாத்துக்கும்.

அப்பாண்டைராஜ் நடுவுல வந்தான். “ஏம்மா, மருந்துக்காக ஒரு பிஸ்கட் தின்னா சாமி கோச்சுக்குமா?”

“சாமி கோச்சுக்காதுடா. நான் கோச்சுப்பேன்.”

ஆபீசில ஆடிட்னா ராத்திரி கடையில பரோட்டா தின்னுட்டு வரவன், எனக்குச் சொல்றான்.

டாக்டர்கிட்ட போனா மாத்திரையை நிறுத்திடுவார். நிறுத்தினா முட்டி மடங்காது. அப்புறம் குழந்தையை யார் தூக்கறது? எரிச்சல் எரிஞ்சிட்டுப் போகட்டும்.

22-2-82

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தா. “எனக்கு இடுப்பு வலிக்கு இதான் கேக்குது. போட்டுப் பாருங்க, குதிரையாட்டம் ஓடுவீங்க.” மஞ்சளோட இதையும் சேர்த்துக்கிட்டேன். மஞ்சள் டாக்டர் கொடுத்தது, வெள்ளை சிநேகிதி கொடுத்தது. ரெண்டுக்கும் என்ன சண்டை?

மத்தியானம் யாரும் இல்லாதப்ப, குழந்தை கனத்துக்கு அரிசியைப் பையில கட்டி இடுப்புல வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினேன். ஏறிட்டேன். மேல நின்னு மலையைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. இறங்கறப்ப ஜினமதி கீழ நிக்கிறா.

“எறும்பு வந்துது, அரிசியை மாடியில காயவைக்கலாம்னு” ன்னேன்.

“அப்ப ஏன் அத்தை திரும்பக் கொண்டு வரீங்க?”

8-3-82

சதுர்த்தசி. உபவாசம். மாத்திரைக்கு உபவாசம் கிடையாது, ரெண்டையும் போட்டுட்டேன்.

ரெண்டு நாளா வெளிக்குப் போறது தார் மாதிரி கருப்பா இருக்கு. கீரை தின்னதாலயா? எழுந்தா கண்ணு இருட்டுது. மாசி வெயில் இப்படியா இருக்கும்? சொல்ல மாட்டேன் யார்கிட்டயும். சொன்னா கட்டில்ல போட்டுடுவாங்க. இன்னும் ஒரு மாசந்தான்—

17-3-82

சாகல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேத்து வந்தேன்.

உபவாசத்துக்கு மறுநாள், பௌர்ணமி காலையில கிணத்தடியில விழுந்துட்டேனாம். மலை சுத்தற கூட்டத்துல ஒரு ரிக்‌ஷா கிடைக்கல. அப்பாண்டைராஜ் என்னைத் தூக்கிக்கிட்டே நடந்திருக்கான். ரத்தமும் அவன்தான் கொடுத்தான். அவனைப் பத்தி எழுத ஒண்ணுமில்லன்னு எழுதினேன். அந்த வரியை அடிக்க மாட்டேன், இருந்துட்டுப் போகட்டும். இப்ப எழுதிட்டேன் இல்ல.

வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்கு. தார் மாதிரி போனது கீரை இல்ல, ரத்தம். டாக்டர் ராமகிருஷ்ணன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணொண்ணா கேட்டார். வெள்ளை மாத்திரை சேதி வந்ததும் தலையில கை வச்சுக்கிட்டார். “கலர்தான் வேறம்மா. ரெண்டும் ஒரே ஜாதி மருந்து. சேர்த்துப் போட்டா வலி ஒண்ணும் ஜாஸ்தி குறையாது, வயித்துக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னேனே, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“நாங்க ராத்திரி சாப்பிடறதில்ல.”

“பின்ன சாயங்காலம் சாப்பிட்டதும் போட்டிருக்கலாமே!”

“ராத்திரின்னு நீங்கதானே சொன்னீங்க? எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு கேட்டீங்களா?”

ஜினமதி என் காலை அமுக்கறா, வாயை மூடுங்கன்னு. டாக்டர் இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். “கேக்கல. தப்புதான். எரிஞ்சப்ப வாங்கன்னு சொன்னேனே, வந்தீங்களா?”

வரல.

இனிமே இந்த ஜாதி மாத்திரை எனக்கு ஆயுசுக்கும் கிடையாது. சாப்பிட்டுட்டுப் போட்டாக்கூட இந்த வயசுல, ஒரு தடவை ரத்தம் போன வயித்துக்கு, ஆபத்து ஆபத்துதானாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல இதைச் சொல்லணும். வலிக்கு ஜுர மாத்திரை, அதுவும் அவர் சொன்ன அளவுக்கு மேல கூடாது. வெந்நீர் ஒத்தடம். படுத்துக்கிட்டுக் காலை நீட்டித் தூக்கி இறக்கற பயிற்சி. ரத்தம் ஊறற வரைக்கும் படி ஏறக் கூடாது.

திருமலை? கேட்டேன். கூடவே கூடாதுன்னு தலையை ஆட்டிட்டார்.

விரதத்தை விடச் சொன்னா பெரிய சண்டை போடறதுன்னு இருந்தேன். அதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. சண்டைக்கு ஆளில்லாம போச்சு.

5-4-82

வந்துட்டாங்க. சுனந்தா என்னைப் பார்த்து ஓன்னு அழுதா. அப்புறம் என் மூக்குத்தியைப் பிடிச்சு இழுத்தா. எங்க வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமில்ல.

நாளன்னைக்குத் திருமலை. ஜோதியம்மாள் அந்த வெள்ளை மாத்திரையை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தா. “ஒரே ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. யாருக்குத் தெரியப் போவுது?”

கை நீண்டுது. பொய் சொல்ல மாட்டேன். இடுப்புல குழந்தை, கீழே ஊரு, மேலே நேமிநாதர் — எல்லாம் கண்ணுக்குள்ள ஓடுச்சு. நடுப்படியில கண்ணு இருட்டினா? கையில குழந்தை இருக்குமே?

“எடுத்துட்டுப் போ” ன்னேன். “நீயும் இதை டாக்டர்கிட்ட காட்டு. உனக்கு என்ன கலர்ல வெளிக்குப் போவுது?”

கோச்சுக்கிட்டுப் போயிட்டா.

7-4-82

நான் போனேன். வீட்டுல இருங்கன்னாங்க, கேக்கல. அடிவாரத்துக் கோயில் வரைக்கும் போறதை எந்த டாக்டரும் தடுக்கல. படியில கால் வைக்கல. குழந்தையை ஏத்தினது ஜினமதி. என் மருமகள் இடுப்புல என் கொள்ளுப்பேத்தி! பாறை திரும்பற இடத்துல புடவைத் தலைப்பு தெரிஞ்சுது, அப்புறம் தெரியல. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா ஏதோ பேச்சுக் கொடுத்தா. நான் அந்தப் பாறையையே பார்த்துட்டிருந்தேன். பேசினா அழுதிருப்பேன்.

இறங்கி வந்த ஜினமதி மூச்சு வாங்க குழந்தையை என் மடியில போட்டா. “பிடிங்க அத்தை. கல்லாட்டம் கனம். மூணு பேரை எப்படித்தான் ஏத்தினீங்களோ.”

“இப்பத் தெரிஞ்சுதா?” ன்னேன்.

20-5-82

ஜோதியம்மாள் பேச ஆரம்பிச்சுட்டா. டாக்டரைப் பார்த்தாளாம். நாள்பட போடற மாத்திரை இல்ல இதுன்னு திட்டினாராம். உள்ள போனதும் முதல் கேள்வியே “எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க”.

27-6-82

முட்டி வலிக்குது. காலையில வெந்நீர் ஒத்தடம், காலைத் தூக்கி இறக்கறது. வலி போகல, ஆனா காய்கறிக் கடை வரைக்கும் போறேன், நின்னு நின்னு. பொழுதோட சாப்பாடு முடிஞ்சுது. எரிச்சல் இல்ல.

ஜம்பு கடுதாசி. சுனந்தா சுவரைப் பிடிக்காம நடக்கறாளாம், கூடத்துல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு. அடுத்த தடவை வரப்ப அவளே படி ஏறுவா. யாரும் தூக்க வேண்டாம். நானும் வேண்டாம், ஜினமதியும் வேண்டாம். அவளே ஏறட்டும், நான் கீழே இருந்து பார்த்துக்கறேன்.

நாளைக்கு பதில் எழுதணும். புதுசா ஒரு போட்டோ எடுத்து உடனே தபால்ல போடச் சொல்லணும். தனியா நிக்கிற மாதிரி. யாராவது தூக்கி வச்சிருக்கற போட்டோவா இருந்தா எனக்கு வேண்டாம்.