அக்கா கூவாத ஏலம்

அக்கா,

கோட்டூர்புரத்தில் எங்கள் மாடிப்படி முழுக்க இன்று சுறாப்புட்டு வாசனை. மேல் வீட்டுப் பெண் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். தாய்ப்பால் ஊறுவதற்காக அவளுடைய அம்மா பூண்டை அள்ளிப்போட்டுக் கிண்டுகிறார். சுறாக்களைக் காப்பாற்றுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறக்கூடாது. ஊறுகிறது. நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பீர்கள்.

நொச்சிக்குப்பத்துக்கு நான் முதலில் வந்தபோது நீங்கள் மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தீர்கள். படகுக்காரர்கள் மணலில் கொட்டுவார்கள். நீங்கள் விலையை ஏற்றி ஏற்றி வியாபாரிகள் தலையில் கட்டுவீர்கள். வயிற்றில் குட்டியோடு சுறா உயிருடன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்று நான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"சுறாவுக்கு வக்காலத்தா? இன்னா மேடம், புள்ள பெத்தவளுக்கு நீ இன்னா குடுப்ப? மாத்திரையா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

பிறகு பழகிவிட்டோம். நான் சொன்ன எதையும் நீங்கள் ஒப்புக்கொண்டதில்லை. டீ மட்டும் தவறாமல் வாங்கித் தந்தீர்கள்.

ஒரு காலை உங்கள் தம்பியின் படகில் பெரிய பெண் சுறா வந்தது. நீங்கள் விலை கூவ ஆரம்பித்துவிட்டீர்கள். பாதியில் அது மணலிலேயே குட்டி போடத் தொடங்கியது. பிடிபட்ட சுறாவுக்கு அப்படி நேர்வதுண்டு. நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஒரு குட்டி விழுந்து துள்ளியது. வியாபாரிகள் மேலே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் மகள் அப்போது நிறைமாதமாக வீட்டில் இருந்தாள்.

"புள்ளத்தாச்சிய நான் கூவ மாட்டேன். வேற ஆள வெச்சிக்கோ."

"இன்னாக்கா, பைத்தியமா? அது மீனு!" என்று தம்பி கத்தினான்.

"மீனுதான். எனக்குத் தெரியாதா? கூவ மாட்டேன், போ."

குட்டியை முந்தானையில் அள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போனீர்கள். குறைமாதக் குட்டி, பிழைத்திருக்காது. அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

அன்றோடு ஆறிவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் குட்டியோடு வந்த எந்தச் சுறாவையும் நீங்கள் கூவவில்லை. அப்படிச் சுறா கொண்டுவந்த படகுகள் ஒவ்வொன்றாக வேறு பெண்ணிடம் போயின. ஏலம் கூவுகிறவளுக்குப் படகு போனால் வருமானமும் போய்விடும். நான் பயந்துபோய், "எனக்காக இதெல்லாம் வேண்டாம் அக்கா" என்று கெஞ்சினேன்.

"உனுக்காகன்னு யாரு சொன்னா?" என்று முறைத்தீர்கள்.

கடைசியில் உங்களிடம் நின்றது தம்பியின் படகு மட்டும். அவனும் உங்களை வைதுகொண்டேதான், வயிறு பெருத்த சுறாக்களைக் கடலிலேயே விட்டுவிட்டு வர ஆரம்பித்தான். மகளுக்குப் பால்சுறாப் புட்டு கிண்டுவதை மட்டும் நீங்கள் விடவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினீர்கள். இது எப்படி நியாயம் என்று நான் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நானும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

நீங்கள் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. நான் அப்போது ஊரில் இல்லை. முகம் பார்க்காதது இன்னும் உறுத்துகிறது.

சென்ற வாரம் குப்பத்துக்குப் போயிருந்தேன். உங்கள் இடத்தில் நிற்கும் பெண் எதைக் கொட்டினாலும் கூவுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் வீடு இருக்கிறது. மற்றப் படகுகளில் குட்டியோடு சுறாக்கள் வந்திருந்தன. தம்பியின் படகில் இல்லை. வயிறு பெருத்த, நல்ல கனமான சுறா ஒன்று மாட்டியதாம். அதை விட்டுவிட்டான் என்று அவனோடு கடலுக்குப் போனவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் இத்தனை நாள் பேசிய பேச்சு ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவன் வாயாலேயே கேட்டுவிட ஆசை.

"இப்பதான் எதையும் கூவ ஆள் இருக்காங்களே. ஏன் விட்டீங்க?"

வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அக்கா திட்டும் மேடம்."

எனக்கும் அந்தப் பயம்தான், அக்கா. அது இருக்கிற வரைக்கும் இந்த வேலையில் இருப்பேன்.